240 கோப்பைகள், 240 முகங்கள்: புகைப்படப் பரிசுகளை மொத்தமாகவும் தனித்தனியாகவும் செய்யும் முறை

ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் ஆறு பிரிவுகள் இருக்கின்றன. பிரிவுக்கு 40 பிள்ளைகள். ஆண்டு விழா நாளன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அந்தப் பிள்ளையின் படமும் பெயரும் பதித்த பீங்கான் கோப்பை ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் ஒரு ஸ்டூடியோவில் வந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 240 கோப்பைகளிலும் ஒரே படம் என்றால் அது மொத்த அச்சு வேலை. ஒரே ஒரு கோப்பை என்றால் அது கைவேலை. இவ்விரண்டையும் நன்றாகச் செய்யும் ஸ்டூடியோக்கள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. 240 கோப்பைகள், ஆனால் ஒவ்வொன்றும் வேறு என்னும்போதுதான் பலர் ‘முடியாது’ என்கிறார்கள், அல்லது ஒப்புக்கொண்டுவிட்டு நான்கு இரவுகள் தூங்காமல் உட்காருகிறார்கள். தொழில்துறையில் பெருமளவுத் தனிப்பயனாக்கம் என்று சொல்லப்படும் இந்த வேலைக்குத் தனியான ஒழுங்கு ஒன்று உண்டு. புகைப்படப் பரிசுத் தொழிலில் இறங்க விரும்புவோருக்கும், ஏற்கெனவே இறங்கித் திணறுவோருக்கும், அந்த ஒழுங்கை இந்தப் பள்ளி ஆர்டரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன்.

நேரம் எங்கே போகிறது?

இயந்திரம் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். தாளில் அச்சிட்ட படத்தைச் சூட்டினால் கோப்பைக்கு மாற்றும் சப்ளிமேஷன் முறையில், ஒரு கோப்பைக்கு மக் பிரஸ் என்னும் சூடேற்றும் இயந்திரத்தில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் பிடிக்கும். தாளைச் சுற்றி ஒட்டுவதற்கும், பிரஸ்ஸில் வைத்து எடுப்பதற்கும் இரண்டு நிமிடம் சேர்த்தால் கோப்பைக்கு ஐந்து நிமிடம். மணிக்கு 12 கோப்பைகள். 240 கோப்பைகளுக்கு 20 மணி நேரம். இதைப் பார்த்ததும் இன்னொரு பிரஸ் வாங்கினால் பாதியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவரின் நேரத்தையும் எழுதிப் பாருங்கள். படத்தைத் திறந்து, வெட்டி, பின்னணியில் பொருத்தி, பெயரைத் தட்டச்சு செய்து, சேமிப்பதற்கு ஒரு கோப்பைக்கு ஆறு நிமிடம் என்றால் 240 கோப்பைகளுக்கு 24 மணி நேரம் ஆகிறது. அச்சை விட வடிவமைப்பே அதிக நேரம் தின்கிறது. இந்த நிலையில் இரண்டாவது பிரஸ் வாங்கினால் அது பாதி நாள் சும்மா கிடக்கும். ஆகவே முதலில் குறைக்க வேண்டியது அந்த ஆறு நிமிடத்தைத்தான். படமும் பெயரும் வர வேண்டிய இடங்களை முன்கூட்டியே குறித்துவைத்த நல்ல வார்ப்புரு ஒன்று அதை ஒரு நிமிடமாகக் குறைத்துவிடும். 24 மணி நேரம் நான்கு மணி நேரமாகச் சுருங்கும்.

எது பொது, எது தனி

இந்தத் தொழிலின் அடிப்படை முடிவு இதுதான்: பொருளில் எந்தப் பகுதி எல்லோருக்கும் பொது, எந்தப் பகுதி ஒருவருக்கு மட்டும் உரியது என்று தொடக்கத்திலேயே கோடு போட்டுவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வெள்ளைக் கோப்பை, பள்ளியின் சின்னம், ஆண்டு, பின்னணி நிறம், எழுத்துரு, அட்டைப்பெட்டி ஆகியவை பொது. முகம், பெயர், வகுப்புப் பிரிவு ஆகிய மூன்றும் தனி. தனியானவை எந்தக் கட்டத்தில் பொருளின் மேல் ஏறுகின்றனவோ, அதுவரை எல்லாமே ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக் கூடிய சரக்கு. ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஏறிய மறுகணம் அந்தக் கோப்பைக்கு உலகத்தில் ஒரே ஒரு வீடுதான் உண்டு. வேறு யாருக்கும் அதை விற்க முடியாது. எனவே அந்தக் கட்டத்தை இயன்றவரை கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும். பல வகைப் பொருள்களை வாங்கிக் குவிப்பதை விட, ஒரே அளவு வெள்ளைக் கோப்பையை நிறைய வைத்துக்கொண்டு, வேறுபாட்டை அச்சில் மட்டும் காட்டுவது நல்லது. முதலும் முடங்காது.

ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சீவே நிறுவனம் புகைப்பட நூல்களை இந்த வழியில்தான் செய்கிறது. வாடிக்கையாளரே கணினியில் தம் பக்கங்களை அமைத்துக்கொள்கிறார். தாளின் தரமும் அளவும் கட்டமைப்பும் குறிப்பிட்ட சில தேர்வுகளுக்குள் நிற்கின்றன. வெவ்வேறு வாடிக்கையாளர்களின் சிறு ஆர்டர்களை ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சிட்டு, பிறகு வெட்டிப் பிரிப்பதன் மூலம் விலையைக் குறைத்தது விஸ்டாபிரிண்ட் என்னும் இணைய அச்சு நிறுவனம். அளவில் எட்டாத தொலைவில் இருக்கும் இந்நிறுவனங்களின் கொள்கையை ஒரு பிரிண்டரும் ஒரு பிரஸ்ஸும் உள்ள கடையிலும் அப்படியே கையாளலாம்.

தேர்வுகளைக் குறைவாகக் கொடுங்கள். ஐந்து வார்ப்புருக்கள், மூன்று நிறங்கள், தமிழ் அல்லது ஆங்கிலப் பெயர் என்று வைத்தாலே 30 சேர்க்கைகள் கிடைத்துவிடுகின்றன. ‘உங்கள் விருப்பம்போல் எப்படி வேண்டுமானாலும் செய்து தருகிறோம்’ என்று பலகையில் எழுதிவைப்பது வாடிக்கையாளரையும் குழப்பும், வேலை செய்பவரையும் களைப்படையச் செய்யும். முகமும் பெயரும் தம்முடையவையாக இருந்தாலே பெற்றோருக்கு மனம் நிறைந்துவிடுகிறது. ஓரத்துப் பூக்கொடி பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோப்பையிலும் இருக்கிறதே என்று யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

படம் கைக்கு வரும் விதம்

வழக்கமான 11 அவுன்ஸ் கோப்பையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 82 மி.மீ.; சுற்றளவு 258 மி.மீ.க்கு அருகில் வரும். கைப்பிடிக்கு இடம் விட்டுவிட்டால் அச்சிடத்தக்க பரப்பு 200 மி.மீ. அகலமும் 90 மி.மீ. உயரமும் ஆகும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அதை முழுவதும் நிரப்ப ஏறத்தாழ 2,362 பிக்சலுக்கு 1,063 பிக்சல் தேவை. கோப்பையைப் பொறுத்தவரை 200 புள்ளிகள் வரை குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 150க்குக் கீழே போனால் முகம் மங்கும். குடும்பக் குழுப்படம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளையின் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கும்போது அதன் அகலம் 300 பிக்சல்தான் தேறுகிறது என்றால், அதை 80 மி.மீ. அகலத்தில் அச்சிடும்போது அங்குலத்துக்கு 95 புள்ளிகளே கிடைக்கும். அத்தகைய படத்தை அப்போதே திருப்பி அனுப்பி வேறு படம் கேட்க வேண்டும். வாங்கிக்கொண்டுவிட்டால் பிறகு பழி அச்சிட்டவர் மேல்தான் விழும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே வரும். இந்த ஒரு வரியைத் தமிழில் தெளிவாக எழுதி, எங்கே தொட வேண்டும் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு பெற்றோருக்கு அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். ஐபோனிலிருந்து ஹெச்இஐசி வடிவில் வரும் படங்களைச் சில பழைய மென்பொருள்கள் திறக்காது. எல்லாவற்றையும் முதலிலேயே ஜேபெக் ஆக மாற்றிவிடுங்கள். கைப்பேசி நிமிர்ந்ததா படுத்ததா என்னும் குறிப்பு படத்துக்குள் மறைந்திருக்கும். அதைப் படிக்காத மென்பொருளில் பிள்ளை பக்கவாட்டில் படுத்திருக்கும். இதையும் மாற்றும் கட்டத்திலேயே சரிசெய்துவிட வேண்டும்.

ஆனால் பள்ளி ஆர்டர் என்றால் நான் சொல்வது வேறு. 240 வீடுகளிலிருந்து படம் கேட்டுக் காத்திருக்காமல், ஸ்டூடியோக்காரர் நேரே பள்ளிக்குப் போய் ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளையும் எடுத்துவிடுவதே மேல். ஒரே பின்னணி, ஒரே வெளிச்சம், முக்காலியிலிருந்து ஒரே தூரம் என்று அமைத்துவிட்டால் எல்லா முகங்களும் சட்டத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே அளவில் விழும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் படத்தில் பிரிவும் வருகைப்பதிவு எண்ணும் எழுதிய சீட்டைப் பிடிக்கச் சொல்லி, அடுத்த படத்தில் சீட்டில்லாமல் எடுத்தால், எந்த முகம் யாருடையது என்ற ஐயமே எழாது. வெட்டும் வேலையைப் போட்டோஷாப்பின் ஆக்‌ஷன் (ஒரு தடவை செய்து காட்டிய வேலையை எல்லாப் படங்களுக்கும் தானாகச் செய்யும் வசதி) ஒன்றே செய்துவிடும். கேமரா பிடிக்கத் தெரிந்த நம் ஊர் ஸ்டூடியோவுக்கு இணையக் கடைகளிடம் இல்லாத வலிமை இதுதான்.

பெயர்

படத்தை விடப் பெயரில்தான் அதிகப் பிழை நேர்கிறது. காரணம், நம் அச்சகங்களில் இன்னும் புழங்கும் பழைய எழுத்துருக்கள். பெற்றோர் கைப்பேசியில் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீட்டில், பெயரை அனுப்புகிறார்கள். வடிவமைப்பாளரோ அந்தக் குறியீட்டைப் படிக்காத பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அதை மறுபடி தட்டச்சு செய்கிறார். அந்த இடத்தில் ‘கண்ணன்’ ‘கன்னன்’ ஆகிறான். ‘யாழினி’ ‘யாளினி’ ஆகிறாள். ஒரு பிள்ளையின் பெயரைத் தவறாக எழுதிய கோப்பையை அந்தப் பிள்ளையிடம் கொடுப்பதை விடக் கொடுக்காமலே இருக்கலாம்.

விதி எளியது: பெயரை எவரும் மறுபடி தட்டச்சு செய்யக் கூடாது. பள்ளியிடமிருந்து பட்டியலை எக்செல் ஃபைலாக, யூனிகோடில் வாங்குங்கள். வகுப்பாசிரியர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்ட அச்சுப்படி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலே இறுதிவரை பயணம் செய்ய வேண்டும். பழைய எழுத்துருவின் அழகு வேண்டும் என்றால், குறிமாற்றிக் கருவியால் முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் மாற்றி, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘கௌ’ வரும் பெயர்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள்.

வார்ப்புருவில் மிக நீளமான பெயரையும் மிகச் சிறிய பெயரையும் முதலிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். ‘உமா’வுக்கு அழகாக அமைந்த இடத்தில் ‘சிவசங்கரநாராயணன்’ அடங்காது. இத்தனை எழுத்துக்கு மேல் போனால் எழுத்தின் அளவு ஒரு படி குறையும் என்று முன்னதாகவே தீர்மானித்துவிடுங்கள், பெயரைச் சுருக்கிவிடாதீர்கள்.

பட்டியலும் வார்ப்புருவும் சேரும் இடம்

இன்டிசைனில் டேட்டா மெர்ஜ் என்றும், போட்டோஷாப்பில் வேரியபிள்ஸ் என்றும், கோரல்டிராவில் பிரிண்ட் மெர்ஜ் என்றும் உள்ள வசதிகள், பட்டியலின் ஒவ்வொரு வரியையும் வார்ப்புருவில் தானாக நிரப்புவதற்காகவே இருப்பவை. பல ஆண்டுகளாகக் கோரல்டிராவில் வேலை செய்பவர்கள்கூட அந்தப் பட்டியை ஒரு தடவையும் திறந்து பார்க்காததைக் கண்டிருக்கிறேன். இன்டிசைனில் செய்வதானால் எக்செல் பட்டியலில் எண், பெயர், பிரிவு, படக்கோப்பு கணினியில் இருக்கும் முகவரி என்று நான்கு நெடுவரிசைகள் வைத்து, படத்துக்கான நெடுவரிசையின் தலைப்புக்கு முன்னால் @ குறியைச் சேர்க்க வேண்டும். அந்தக் குறியைக் கண்டுதான் மென்பொருள் அவ்விடத்தில் எழுத்தை அல்ல, படத்தை வைக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறது. பட்டியலை யூனிகோட் உரையாகச் சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான அமைப்பானை (World-Ready Composer) தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கெ’யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய்விடும். இவ்விரண்டையும் பத்துப் பெயர்களை வைத்துச் சோதித்த பிறகே முழுப் பட்டியலையும் ஓட்டுங்கள்.

200க்கு 90 மி.மீ. பட்டைகள் ஓர் ஏ4 தாளில் மூன்று அடங்கும். 240 கோப்பைகளுக்கு 80 தாள்கள். அவற்றை வருகைப்பதிவு எண் வரிசையிலேயே அமைக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும், படத்துக்கு வெளியே, ‘5பி-17’ என்பதுபோல் ஓர் அடையாள எண்ணும் சேர்ந்தே அச்சாக வேண்டும். அதைப் பட்டியலிலிருந்தே மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

இந்த அடையாள எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய காலத்தில், பதினாறாம் நாள் காரியத்துக்காக ஒரு குடும்பம் கேட்டிருந்த முதியவர் ஒருவரின் சட்டமிட்ட படத்தை, அதே நாளில் முடிந்த ஒரு பிறந்தநாள் பரிசின் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டேன். இரண்டு வேலைகளும் குறித்த நேரத்தில் முடிந்தவை, அச்சும் குறையில்லாதது. சட்டத்தின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டாததுதான் தவறு. காரியம் நடந்துகொண்டிருந்த வீட்டின் வாசலில் நின்று, வெறுமையாக இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்ட அந்தக் காலைக்குப் பிறகு, எண் ஒட்டாத எந்தப் பொருளையும் என் மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்தியதில்லை.

அச்சும் பிரஸ்ஸும்

சப்ளிமேஷன் மை சூட்டில் நேரே ஆவியாகி, கோப்பையின் மேலுள்ள பாலியெஸ்டர் பூச்சுக்குள் இறங்கி, ஆறியதும் அங்கேயே தங்கிவிடுகிறது. பூச்சில்லாத பாத்திரக்கடைக் கோப்பையிலோ முழுப் பருத்தித் துணியிலோ அது பிடிக்காததற்கு அதுவே காரணம். இதில் வெள்ளை மை கிடையாது; படத்தின் வெண்மை கோப்பையின் வெண்மைதான். தாளில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி அச்சாக வேண்டும். அந்தக் கட்டளையை ஒவ்வொரு தடவையும் நினைவில் வைத்துச் செய்யாமல், பிரிண்டரின் அமைப்பிலேயே நிலையாக வைத்துவிடுங்கள்.

தாளில் நிறம் மங்கலாகத்தான் தெரியும். சூடேறிய பிறகே துலங்கும். அதனால் தாளைப் பார்த்து நிறத்தைத் திருத்த முயல வேண்டாம். மாநிற முகம், கறுப்பு முகம், வெளிர் முகம், சீருடையின் நீலம், ஒரு சாம்பல் பட்டை ஆகியவை அடங்கிய சோதனைப் படம் ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் முதல் கோப்பையை அதற்கே செலவிடுங்கள். முந்தைய நாள் கோப்பையோடு ஒப்பிட்டால் மையிலோ தாளிலோ பிரஸ்ஸின் சூட்டிலோ மாற்றம் வந்ததை உடனே காணலாம். முகங்களைப் பொதுவாக ஒரு படி வெளுக்க வைக்கும் பழக்கம் நம் ஸ்டூடியோக்களில் வேரூன்றியிருக்கிறது; அதை இந்த வேலைக்குள் கொண்டுவராதீர்கள். பிள்ளையின் நிறம் கோப்பையிலும் அதே நிறமாக இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மங்கல் படங்களைத் தெளிவாக்கும் செயலிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அவை இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் தாமாகவே வரைந்துவிடுகின்றன. மறைந்தவர்களின் பழைய படங்களில் அந்த வேற்றுமையைக் குடும்பத்தார் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள்.

கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் தாள் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிரஸ்ஸில் அது நீராவியாகி நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறையை உண்டாக்கும். தாள்கட்டைத் திறந்து போடாமல் காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். இரண்டு பிரஸ்கள் இருந்தால் ஒருவரே மாற்றி மாற்றி நடத்தலாம்: ஒன்று சூடேறும் மூன்று நிமிடத்தில் மற்றொன்றை இறக்கி, அடுத்ததற்குத் தாள் ஒட்டிவிடலாம். வார்ப்புரு சரியான பிறகு இரண்டாவது பிரஸ் வாங்குவது பயன் தரும்.

பிரஸ்ஸிலிருந்து எடுத்த கோப்பையிலிருந்து தாளைப் பிரிக்கும் அதே கணத்தில், ஓரத்திலுள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள சீட்டைக் கோப்பையின் அடியில் ஒட்ட வேண்டும். ‘பத்து ஆறட்டும், பிறகு சேர்த்து ஒட்டலாம்’ என்று தள்ளிப்போடும் இடத்தில்தான் அடையாளம் தொலைகிறது. கெட்டுப்போனவற்றை உடனுக்குடன் மறுபடி அச்சிடப் போகாமல், எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, இறுதியில் ஒன்றாக அச்சிடுங்கள், வரிசை குலையாது. 240க்குக் குறைந்தது பத்துக் கோப்பைகளாவது கூடுதலாக வாங்கி வைத்திருப்பது நல்லது.

ஒப்புதலும் உரிமையும்

அச்சுக்கு முன், ஒவ்வொரு பிரிவுக்கும் சிறு படங்களும் அவற்றின் கீழே பெயர்களும் கொண்ட பக்கம் ஒன்றை வகுப்பாசிரியருக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். முகத்தையும் பெயரையும் சேர்த்துப் பார்த்து, இது இவன்தான் என்று சொல்லக் கூடியவர் அவர் ஒருவரே. தனி வாடிக்கையாளருக்கு இதே பார்வைப்படியைக் கைப்பேசியில் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறை, தொலைவிலிருந்து வாங்கிய பொருளைத் திருப்பித் தரும் பொது உரிமையிலிருந்து ஒருவருக்கென்றே செய்த பொருள்களை விலக்கி வைத்திருக்கிறது. நீங்களும் மனம் மாறியதால் திருப்பித் தருவதை ஏற்க முடியாது என்று ஆர்டர் படிவத்திலேயே எழுதலாம். ஆனால் பிழை உங்களுடையது என்றால் கேள்வி கேட்காமல் மறுபடி செய்து கொடுக்க வேண்டும் என்பதையும் அதே படிவத்தில் எழுதிவிடுங்கள்.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே திருமண வீட்டார் தம் ஆல்பத்துப் படத்தைக் கோப்பையில் கேட்டால் தயங்க வேண்டியதில்லை. திரைநடிகரின் படத்தையோ கார்ட்டூன் பாத்திரத்தையோ பள்ளிச் சின்னத்தோடு சேர்த்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவுகளுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளி வழியாகச் சிறு ஒப்புதல் படிவம் ஒன்றை வீட்டுக்கு அனுப்புவது பெரிய சுமையன்று. அதில், கோப்பை கைக்கு வந்து 30 நாள் கழித்துப் படங்களை அழித்துவிடுவோம் என்று எழுதுங்கள், எழுதியபடியே அழியுங்கள். ஒரு பிள்ளையின் அழகான படத்தைக் கேட்காமல் கடையின் விளம்பரப் பலகையில் போடும் வழக்கமும் இத்தோடு நிற்க வேண்டும்.

பெட்டிகளைப் பிரிவு வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் பெயர்ப் பட்டியலை ஒட்டிக் கொடுத்தால், விழா மேடையின் பின்னால் தேடல் இருக்காது.

மீதமிருப்பது கெட்டுப்போன கோப்பைகள். அவற்றில் யாரோ ஒரு பிள்ளையின் முகம் இருக்கிறது. அப்படியே தெருத்தொட்டியில் போடாதீர்கள். கடைப்பையன்கள் டீ குடிக்கவும் கொடுக்காதீர்கள். கனத்த சாக்கில் சுற்றி முகம் தெரியாதவாறு உடைத்து, அதன் எண்ணைக் கெட்டவை பட்டியலில் அடித்துவிட்டு, அதன் பிறகு குப்பைக்கு அனுப்புங்கள்.